மொட்டைமாடியில் ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நிற்கும் எங்கள் கட்டடத்தின் குடியிருப்பாளர் சங்கத்துக்கு நான் செயலாளர். முறைப்பாடு எதுவாயினும் எழுத்தில் வரவேண்டும் என்பது நான் வகுத்த விதி. மூன்றாம் மாடியில் வசிக்கும் எவ்லின் சென்ற ஆண்டு மாசி மாதத்தில் தந்த முறைப்பாடு பின்வருமாறு: "மொட்டைமாடியில் சோக்கால் பெரிய கோடுகள் கிழிக்கப்பட்டுள்ளன. பின்னேரங்களில் யாரோ அதன்மேல் நடந்தபடி இங்கிலீசில் கத்துகிறார்கள். நான் இனித் துணி காயப்போடலாமா கூடாதா என்பதைச் சங்கம் அறிவிக்க வேண்டும்."

மொட்டைமாடி எனக்கு இலகுவான இடமன்று. தொண்ணூற்றாறாம் ஆண்டு, போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், சிற்றலை வானொலியில் ஆங்கிலப் பாடம் கேட்பதற்காக அதே மாடியில் நான் ஒரு கம்பியைக் கட்டினேன். அதைக் கண்ட யாரோ பொலிசுக்குத் தகவல் கொடுத்தார்கள். என்னை அழைத்துச் சென்றவர்கள் பல கிழமைகளின் பின், குற்றச்சாட்டு எதுவுமின்றி விடுவித்தார்கள். வானொலியைத் திருப்பித் தரவில்லை. அதற்கான பற்றுச்சீட்டு இன்றும் என்னிடம் உண்டு. இதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் ஒன்றே. ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை எங்கள் மாடியில் நின்று "இரத்மலானை டவர்" என்று விமானநிலையக் கோபுரத்தை உரத்துக் கூப்பிடுவதைப் படிக்கட்டில் நின்று கேட்டபோது நான் ஏன் முதலில் கீழே இறங்கப் பார்த்தேன் என்பது வாசிப்பவருக்கு விளங்க வேண்டும்.

மேலே சென்று பார்த்தேன். இரண்டு தண்ணீர்த் தாங்கிகளுக்கும் இடையில் வெள்ளைச் சோக்கட்டியால் ஓர் ஓடுபாதை வரையப்பட்டிருந்தது. அதைச் சுற்றி நீள்சதுரமாக இன்னொரு கோடு. ஐந்தாம் மாடி விஷ்ணுப்பிரியா இடக்கையை எதையோ பற்றியிருப்பதுபோல் மடித்து, வலக்கையில் ஒரு பூரிக்கட்டையை ஏந்தி, அந்தக் கோட்டின்மேல் மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். தாங்கியின் நிழலில், பிளாஸ்டிக் கதிரையில், விரித்த குடையின் கீழ் அவளுடைய தாய் மீனாள் அமர்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு கட்டுக் கடதாசி.

"என்ன தங்கச்சி இது? என்ன நடக்குது இங்க?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் சத்தம் போடாம இருங்கண்ணே. இறங்கிக்கிட்டிருக்கா," என்றார் மீனாள்.

விஷ்ணுப்பிரியா கடைசித் திருப்பத்தைத் திரும்பி, ஓடுபாதைக்குள் வந்து, பூரிக்கட்டையை விமானத்தின் விசைபோலத் தன் பக்கம் இழுத்து, கால் பெருவிரல்களை ஊன்றி நின்றாள். அதன் பின்னரே என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், ரன்வேயில நிக்கிறீங்க."

நான் விலகி நின்றேன்.

அவள் இரத்மலானையில் உள்ள விமானப் பயிற்சிப் பாடசாலை ஒன்றில் சேர்ந்திருக்கிறாள் என்பது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய தந்தை சத்தியநாராயணன் புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரி. மகளுக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்திருந்தார். அதற்குள் அவள் தனியாக விமானம் ஓட்டிக் காட்டவேண்டும். முடியாவிட்டால் கடைக்கு வந்து தனக்குத் துணையாக இருக்கவேண்டும். ஆண்டு முடியப் பங்குனி மாதம் மட்டுமே மீதியாக இருந்தது.

தனியாக முதன்முறை பறப்பது நீண்ட பயணமன்று. ஓடுபாதையிலிருந்து எழுந்து, இடப்பக்கம் திரும்பித் திரும்பி, ஒரு நீள்சதுரமாக வானில் ஒரு சுற்று வந்து, அதே ஓடுபாதையில் இறங்கவேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுற்றில் அருகில் ஆசிரியர் இருக்கமாட்டார். எந்த நாளில் அவர் இறங்கிக்கொள்வார் என்பதையும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்.

"ஓட்டுறது பிரச்சினை இல்ல அங்கிள். ரேடியோதான்," என்றாள் விஷ்ணுப்பிரியா. "டவர்ல இருந்து வழக்கமா சொல்றதைச் சொன்னா பதில் சொல்லிருவேன். வேற ஏதாவது சொன்னா வாய் கட்டிக்குது. ரெண்டு மூணு தடவை சார்தான் எனக்காகப் பேசினார்."

அவளுடைய ஆசிரியர் கப்டன் ஜவாத், கிராண்ட்பாஸ்காரர். "கை நல்லா ஓடுது மகள், வாய்தான் ஓடுதில்ல. வாய் நிண்டுபோற ஆள நான் தனிய மேல விடமாட்டன்," என்று அவர் சொல்லியிருந்தார். வீட்டில் நடந்து நடந்து பழகு, யாரையாவது கோபுரமாக உட்காரவைத்து உன்னைக் கரைச்சல்படுத்தச் சொல் என்பது அவர் கொடுத்த வழி. பகலில் வீட்டில் இருப்பவர் தாய் மட்டுமே. அதனால் மீனாள் கோபுரமானார்.

அவர் மடியிலிருந்த கடதாசிகளை வாங்கிப் பார்த்தேன். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் வாசகங்கள் எல்லாம் தமிழ் எழுத்தில், பெரிய கையெழுத்தில் இருந்தன. 'கிளியர்ட் டு லாண்ட்' என்ற வாசகத்தின் கீழ் மட்டும் மஞ்சள் மையால் கோடிட்டு, ஓரத்தில் பிள்ளையார் சுழி போடப்பட்டிருந்தது. இறங்க அனுமதி என்பது அதன் பொருள்.

எவ்லினுக்கு எழுத்தில் பதில் கொடுத்தேன்: துணி காயப்போடலாம், பயிற்சி நடைபெறும் வேளையில் ஓடுபாதையைத் தவிர்க்கவும். பதிலின் பிரதி கோப்பில் உள்ளது.

அன்றிலிருந்து பின்னேரங்களில் நானும் மேலே போகத் தொடங்கினேன். விஷ்ணுப்பிரியாவின் பாடப்புத்தகத்தை இரவல் வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். எதையும் நான் அப்படித்தான் கற்றிருக்கிறேன். சிறகின்மேல் ஓடும் காற்றே விமானத்தைத் தாங்குகிறது. அந்த ஓட்டம் குறைந்தால் தாங்குவதற்கு வேறொன்றுமில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை விட்டு அடுத்ததற்குப் போக என்னால் நெடுநேரம் முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றின்மேல் இந்தப் பிள்ளை உட்காரப் போகிறாள். மாடியில் காற்று வீசும்போதெல்லாம் அதை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

மீனாளைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் பிறந்தது கொட்டாஞ்சேனையில். தகப்பனாரும் துணி வியாபாரியே. அந்த வீடுகளில் சில சொற்கள் புழங்குவதில்லை. கடையில் ஒரு சரக்கு முடிந்துவிட்டால் 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள், 'வரவேண்டியிருக்கு' என்பார்கள். விளக்கை அணைக்கமாட்டார்கள், அமர்த்துவார்கள். வெளியே கிளம்புகிறவரிடம் 'போ' என்று மட்டும் சொல்லமாட்டார்கள். வாசலுக்கு வந்துவிட்டவரை நில் என்று சொல்லவே மாட்டார்கள். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்து கிடந்தபோது, பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் நடந்தது தெரியாமல் வந்து வெள்ளைப் பொப்ளின் துணி கேட்டாராம். சாம்பலின் முன் நின்றிருந்த தகப்பனார், "அடுத்த கிழமை வரும்" என்றாராம். ஒன்பது வயதுப் பிள்ளையாகத் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு மீனாள் அதைக் கேட்டிருக்கிறார். இதை அவர் என்னிடம் பெருமையாகவோ துயரமாகவோ சொல்லவில்லை. அப்படித்தானே சொல்லவேண்டும் என்பதுபோலச் சொன்னார்.

இப்படிப்பட்டவர் கோபுரமானால் என்ன நடக்கும்? விஷ்ணுப்பிரியா எந்த மூலையிலிருந்து கேட்டாலும், எத்தனை தரம் கேட்டாலும், உடனே அனுமதி கிடைத்தது. சில வேளைகளில் அவள் கேட்பதற்கு முன்பே கிடைத்தது.

"அம்மா, ஒரு தடவையாவது முடியாதுன்னு சொல்லுங்க," என்று மகள் கெஞ்சினாள். "கோ அரவுண்ட்னு சொல்லுங்க. பேப்பர்ல எழுதியிருக்கேன்ல?"

இறங்காதே, எழும்பி இன்னொரு சுற்று வா என்பது அந்த உத்தரவின் பொருள்.

"வீட்டு வாசல்ல வந்து நிக்கிற புள்ளய எப்படிடி திரும்பிப் போன்னு சொல்றது? அதுவும் காத்துல நிக்கிற புள்ளய."

"அது வெறும் பிராக்டிஸ்மா."

"வாயில வர்றதுல பிராக்டிஸ் என்ன, நிசம் என்ன?"

துணி எடுக்க வந்த எவ்லின் கொடியின் மறுபக்கத்திலிருந்து, "மீனாள் அக்கா, நீங்க டவரா, அன்னதான மடமா? வாறவ எல்லாம் வந்து இறங்குறா!" என்றாள்.

"நீ உன் துணிய எடுத்துக்கிட்டுப் போம்மா," என்றார் மீனாள். உடனே, "போய்ட்டு வா" என்று திருத்திக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விஷ்ணுப்பிரியா பாடசாலையிலிருந்து அழுது வீங்கிய முகத்துடன் வந்தாள். அன்று அவள் இறங்கிக்கொண்டிருந்தபோது, முன்னே இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லை. கோபுரம் 'கோ அரவுண்ட்' என்று உத்தரவிட்டது. அவளுக்கு வாய் வரவில்லை. வாயோடு கையும் நின்றுவிட்டது. விமானம் இறங்கிக்கொண்டே போனது. கப்டன் ஜவாத்தான் விசையைத் தள்ளி எழுப்பினார். கீழே வந்ததும் அவர் திட்டவில்லை. "வர்ற செவ்வாய் பாப்பம் மகள். அன்டைக்கும் இப்படி எண்டா நான் உங்களுக்குக் கையெழுத்து வைக்க ஏலாது. அதுக்குப் பொறகு வேற பெட்ச்சோடதான்," என்று மட்டும் சொன்னார். வேறு வகுப்பு வரும்வரை தந்தை காத்திருக்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

"வீட்டுல யாரு டவர்னு சார் கேட்டார். அம்மான்னு சொன்னேன். அம்மா கோ அரவுண்ட் சொல்லமாட்டாங்கன்னும் சொன்னேன். அப்படியே கண்ண மூடிட்டார்."

மீனாள் கடதாசிக் கட்டைத் தேடி எடுத்தார். அன்று பின்னேரம் கதிரையில் அமர்ந்து, கடதாசியைப் பார்த்து, "கோ அரவுண்ட்" என்று மெல்லச் சொன்னார். உடனே, "வா கண்ணு, வந்துரு" என்று சேர்த்துவிட்டார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை சொல்லத் தொடங்கி, பாதியில் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

நான் கோபுரமாக இருந்து பார்க்கலாமா என்று கேட்டேன். விஷ்ணுப்பிரியா தலையசைத்து மறுத்தாள். "நீங்க சொன்னா எனக்குப் பயமே வராது அங்கிள். அம்மா சொல்லணும்."

அப்போது எவ்லின் வந்தாள். நனைந்த துணி நிறைந்த நீல வாளியைச் சுமந்து வந்து, எங்கள் முகங்களைப் பார்த்தாள். எவரிடமும் கேட்காமல், வாளியை நேரே ஓடுபாதையின் நடுவில் வைத்துவிட்டு, இடுப்பில் கைகளை ஊன்றி நின்றாள். விஷ்ணுப்பிரியா அதைக் காணவில்லை. அவள் தலை குனிந்து, பூரிக்கட்டையைப் பிடித்தபடி கடைசித் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தாள். இன்னும் சில அடிகள்.

"கோ அரவுண்ட்!"

அது மீனாளின் குரல் என்று நம்ப எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அவர் கதிரையை விட்டு எழுந்து நின்றிருந்தார். குடை காற்றில் உருண்டு போனது. அடுத்த கட்டடத்து யன்னல் ஒன்று திறந்தது.

விஷ்ணுப்பிரியா அசையாமல் நின்றாள். பிறந்த நாள்முதல் அந்தக் குரலில் அவளை ஒருவரும் மறித்ததில்லை. தாயைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். பின்பு பூரிக்கட்டையை முன்னே தள்ளி, "கோயிங் அரவுண்ட்" என்று நடுங்கியபடி சொல்லிவிட்டு, வாளியைத் தாண்டி நடந்தாள்.

"இருக்கிறதக் கண்டா சொல்றேன்," என்றார் மீனாள், மூச்சு வாங்க. "வழியில ஒண்ணு கெடக்கும்போது வான்னு கூப்பிடுறவ நான் இல்ல."

எவ்லின் சிரித்தாள். "இனி நான் டெய்லி வைக்கிறன் அக்கா. ஒரு நாள் வாளி, ஒரு நாள் கூடை. எப்ப வைப்பன் எண்டு மட்டும் கேக்காதீங்க."

சொன்னபடியே செய்தாள். அந்தக் கிழமை முழுவதும் எங்கள் ஓடுபாதையில் எது எப்போது தோன்றும் என்பது ஒருவருக்கும் தெரியாது. வாளி வந்தது, தலையணை வந்தது, ஒரு தரம் எவ்லினே வந்து நடுவில் அமர்ந்து கீரை ஆய்ந்தாள். ஒவ்வொரு முறையும் மீனாளின் குரல் எழுந்தது. விஷ்ணுப்பிரியாவின் பதிலில் நடுக்கம் குறைந்துகொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமை சத்தியநாராயணன் கடை இல்லாத நாளில் மேலே வந்து இதையெல்லாம் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் நெடுநேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் காலையில் மாடியில் ஒரு பெட்டி புதிய சோக்கட்டிகள் இருந்தன.

செவ்வாய்க்கிழமை மீனாளும் நானும் இரத்மலானைக்குப் போனோம். "அந்த டவரையும் கூட்டிக்கொண்டு வாங்க" என்று கப்டன் ஜவாத் சொல்லியனுப்பியிருந்தார். வானொலியில் பேசுவதை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும் என்று மீனாள் என்னையும் அழைத்தார். எவ்லின் வரவில்லை. "எனக்கு ஹார்ட் வீக்," என்றாள்.

பாடசாலையின் விறாந்தையில் எங்களை அமர்த்தினார்கள். சுவரில் இருந்த பெட்டியொன்றில் கோபுரத்தின் பேச்சும் விமானங்களின் பேச்சும் கேட்டன. இரவு பெய்த மழையில் ஓடுபாதையோரப் புல்வெளி நனைந்து மின்னியது. கப்டன் ஜவாத் தடித்த மனிதர், மெதுவாகப் பேசுபவர். மீனாளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, மகளுடன் அந்தச் சிறிய வெள்ளை விமானத்தில் ஏறினார். இருவரும் சுற்றுக்குமேல் சுற்று வந்தார்கள். ஒவ்வொரு இறக்கத்திலும் மீனாள் என் மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்து விட்டார்.

பின்பு விமானம் எங்களுக்கு எதிரே வந்து நின்றது. சுழலி சுழன்றுகொண்டே இருந்தது. வலப்பக்கக் கதவு திறந்தது. கப்டன் ஜவாத் இறங்கினார், ஆசனப்பட்டியை உள்ளே மடித்துப் பூட்டினார், கதவைச் சாத்தினார். திரும்பிப் பாராமல் புல்லின்மேல் எங்களை நோக்கி நடந்து வந்தார்.

"ஏன் சார் இறங்கிட்டார்? ஏதாவது உடைஞ்சிருச்சா?" என்றார் மீனாள்.

"இல்லை தங்கச்சி," என்றேன். "அதுதான் இது."

அவர் புரிந்துகொண்டார். எழுந்து விறாந்தையின் தூணைப் பிடித்துக்கொண்டார்.

கப்டன் ஜவாத் வந்து அருகில் நின்றார். "பயப்பட வாணாம் அக்கா. என்ட இந்தப் பெரிய வயிறு இறங்கிட்டே, பாரம் கொறஞ்ச பிளேன் இப்ப கடகடன்னு ஏறும் பாருங்க," என்றார். அவருடைய கைகள் மட்டும் முதுகுப்பக்கம் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருந்தன.

அவர் சொன்னது உண்மையாயிற்று. விமானம் ஓடி, நாங்கள் எதிர்பார்த்த இடத்துக்கு வெகு முன்பே தரையை விட்டது. அது ஏறிய விதத்தை எப்படி எழுதுவது? சுமந்து திரிந்த ஒன்றை இறக்கி வைத்த ஒருவர் நிமிர்வதுபோல இருந்தது. தென்னைகளுக்கு மேலே, காலிக்குப் போகும் பெருவீதிக்கு மேலே, கடலை நோக்கிப் போய், வெயிலில் ஒரு புள்ளியாகி, இடப்பக்கம் திரும்பியது. அதற்குள் இருந்தவள் எங்கள் படிக்கட்டில் ஏறி இறங்குகிற பிள்ளை. எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி பழுதானால் என் கதவைத் தட்டுகிற பிள்ளை. அவளைத் தொடக்கூடிய தூரத்தில் இப்போது உலகத்தில் ஒருவரும் இல்லை. பூமியில் பிறந்த ஒருவருக்கு இப்படியும் ஒரு தனிமை வாய்க்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

பெட்டியில் அவள் குரல் கேட்டது, தெளிவாக. கோபுரம் அவளுக்கு இறங்க அனுமதி கொடுத்தது. கடைசித் திருப்பத்தைத் திரும்பி, மூக்கைத் தாழ்த்தி, அவள் ஓடுபாதையை நோக்கி வந்தாள். அப்பொழுது ஈரப் புல்லிலிருந்து ஒரு கொக்குக் கூட்டம் எழும்பி, வெள்ளைத் துணியை உதறியதுபோல ஓடுபாதையின் குறுக்கே விழுந்து பரவியது.

பெட்டியில் கோபுரத்தின் குரல், அவசரமின்றி: "கோ அரவுண்ட்."

மீனாளுக்கு அதை நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

பதில் வரவில்லை. விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. கப்டன் ஜவாத்தின் இடக்கை தானாகவே முன்னே நீண்டு வெறுங்காற்றில் எதையோ தள்ளியது. தள்ளுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பெட்டியில் இரைச்சல் மட்டும்.

இயந்திரத்தின் சத்தம் முதலில் உயர்ந்தது. மூக்கு நிமிர்ந்தது. அதன்பின்பே குரல் வந்தது: "கோயிங் அரவுண்ட்." கொக்குகளுக்கு மேலாக, எங்கள் தலைகளைவிடச் சற்றே உயரத்தில், எங்களுக்கு எதிரே, விமானம் முழங்கிக்கொண்டு கடந்து போயிற்று. அந்தக் கணத்தில் அவளைக் கண்ணாடியூடாகக் கண்டேன். முன்னே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்க்கவில்லை, பார்க்கவேண்டிய தேவையும் அவளுக்கு இருக்கவில்லை. பக்கத்து ஆசனம் வெறுமையாக இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் கப்டன் ஜவாத், மிக மெதுவாக. "கை முதல்ல, வாய் பொறகு. அதுதான் சரி. அத நான் சொல்லியே குடுக்கல்ல."

அவள் மறுபடியும் கடலுக்கு மேலே போனாள். ஒரு சுற்றுக்கென்று அனுப்பப்பட்டவள் இப்போது இரண்டாவது சுற்றில் இருந்தாள். கொக்குகள் விரட்டப்பட்டன. இந்த முறை அவள் இறங்கியபோது சக்கரங்கள் தரையைத் தொட்டதை நான் காணவில்லை. எப்போது வானம் முடிந்தது, எப்போது தரை தொடங்கியது என்று சொல்லமுடியாதபடி அது நிகழ்ந்தது.

விமானம் ஊர்ந்து வந்து எதிரே நின்றது. சுழலி மெலிந்து, தயங்கி, ஓய்ந்தது. மீனாள் தூணை விட்டுவிட்டு முன்னே ஓடப் பார்த்தார். கப்டன் ஜவாத் கையை நீட்டி மறித்தார். அவருடைய மற்றக் கையில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. முதன்முதலில் தனியாகப் பறந்து வருகிறவரை நனைப்பது அந்தப் பாடசாலையின் வழக்கம்.

"இருங்க அக்கா. இந்தக் கொஞ்ச நேரம் அவட சொந்தம். இதுக்குள்ள ஒருத்தரும் போறல்ல."

காத்திருந்தோம். கண்ணாடிக்கு அப்பால் விஷ்ணுப்பிரியா காதுக்கருவியைக் கழற்றினாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். நான் பல அலுவலகங்களில், பல மர வாங்குகளில் அமர்ந்து காத்திருந்தவன். ஒருவருக்காகக் காத்திருப்பது பெருமையாகத் தோன்றியது எனக்கு அன்றுதான்.

"உள்ள என்னண்ணே பண்றா?" என்று மீனாள் கிசுகிசுத்தார்.

"ஒண்டும் செய்யேல்லை. சும்மா இருக்கிறா."

அவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, என்னிடம் அல்லாமல் எவரிடமோ கேட்பதுபோல, "இது எனக்குப் பொறந்ததா?" என்றார்.

கதவு திறந்தது. கப்டன் ஜவாத் வாளியைத் தூக்கினார்.